நாக்கு வெச்ச பர்ஸு

வெறும் பர்ஸை யாருக்கும் குடுக்கக் கூடாது. பர்ஸு குடுத்தா உள்ள ஒரு ரூவா காசாவது போட்டுக் குடுக்கணும், இல்லன்னா வாங்குனவன் பை ஆயுசு முழுக்க வெறும் பையாவே தொங்கும். இது எங்க பேர்ணாம்பட்டுல பால் குடிக்கிற புள்ளைக்கும் தெரிஞ்ச சாஸ்திரம், ஆனா எங்க மொதலாளி வஹாப் பாய்க்கு மட்டும் தெரியாது, நான் சொன்னா "கன்னியம்மா, நாம பர்ஸு தைக்கிறவங்க, மொய் வெக்கிறவங்க இல்ல"ன்னு கத்துவாரு. கத்தட்டும். அவரு கத்துறதுக்குன்னே பொறந்தவரு, நான் பேசுறதுக்குன்னே பொறந்தவ, எங்க ரெண்டு பேரு சத்தத்துக்கும் நடுவுல உக்காந்து ஒரு வார்த்தை பேசாம தோலு வெட்டுனவ ஜுலேகா. நான் சொல்ல வந்தது அவ செஞ்ச பர்ஸைப் பத்தித்தான்.

ஜுலேகாவுக்குப் பொறந்ததுலேர்ந்தே காது கேக்காது, பேச்சும் வராது. அதனால அவ ஊமைன்னு யாராவது சொன்னா எனக்குப் பொல்லாத கோவம் வரும், ஏன்னா அவ விரலு பேசுற பேச்சுக்கு எங்க ஆறு மெஷினும் ஈடு குடுக்க முடியாது. எங்க பட்டறையில இருந்த எல்லாருக்கும் அவதான் விரலால பேரு வெச்சா. மோவாயைத் தடவுனா தாடிக்கார பாய். மூக்கைப் பொத்துனா தோலு ஒட்டுற சொல்யூஷன் வாடையில நாளெல்லாம் தும்முற செல்வராணி. என் பேரு இன்னா தெரியுமா? நாலு விரலையும் கட்டைவிரலையும் சேத்து லபக் லபக்னு மூடித் தொறப்பா. வாத்து வாய். "அடிப்பாவி, நான் வாத்தாடி?"ன்னு கேட்டா தோளு குலுங்கச் சிரிப்பா. நான் சும்மா விடுவேனா, நானும் அவளுக்கு ஒரு பேரு வெச்சேன். அவ ஒரு தோலை எடுத்தா அளவுகோலைத் தேட மாட்டா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு ஒரு தேய் தேய்ப்பா, பருமன் எவ்வளவுன்னு அதுலயே அவளுக்குத் தெரிஞ்சுடும். அந்தத் தேய்ப்பைத்தான் அவ பேரா வெச்சேன். இன்னா தொல்லைன்னா, ஊருல அந்தச் சைகைக்குத் துட்டுன்னுதான் அர்த்தம். கடைத்தெருவுல நான் அவளைக் கூப்புட்டா, நடுவுல நின்ன பூக்காரம்மா "எங்கிட்ட ஏம்மா காசு கேக்குற?"ன்னு சண்டைக்கு வரும்.

அவ பக்கத்து ஸ்டூலுதான் எனக்கு. நான் தைக்கிற மெஷினு, அவ வெட்டுற மேஜை. மழை வந்தா தகரக் கூரையில சத்தம் கேட்டு நான்தான் மழைன்னு அவளுக்கு விரலை உதறுவேன். வாசல்ல சைக்கிள் மணி அடிச்சா மீன்காரன்னு சொல்வேன். பாய் எதுக்குக் கத்துறாருன்னு சொல்வேன், கத்தாதப்ப எதுக்குக் கத்தலன்னும் சொல்வேன். தெருவுல யாரு யாரோட ஓடிப் போனாங்கன்னு ஒண்ணுக்கு ரெண்டாச் சேத்துச் சொல்வேன். வாய்க்கு வாயும் ஆச்சு, கைக்குக் கையும் ஆச்சு, என் புருஷன் "ராவுல தூங்குறப்பவும் உன் கையி ஆடுதுடி"ன்னு திட்டுவான்.

அந்த வருஷம் பட்டறை படுக்குற நெலைமைக்கு வந்துடுச்சு. பெரிய பெரிய கம்பெனிங்க முன்னாடி எங்க ஆறு மெஷினு எம்மாத்திரம்? பாய் மெஷினுங்களை வித்துடலாம்னு ஆளு பாத்துக்கினு இருந்தப்பதான் மெட்ராஸ்ல கடை வெச்சிருக்குற நிவேதிதா மேடம்கிட்டேர்ந்து போன் வந்துச்சு. கார்டும் நோட்டும் வெக்கிற மாதிரி ஒரு பர்ஸு வேணுமாம், ஆனா சட்டைப் பையில வெச்சா வெச்சதே தெரியக் கூடாதாம், அவ்வளவு ஒல்லியா இருக்கணுமாம். புடிச்சிருந்தா வருஷம் முழுக்க வேலை. புடிக்கலன்னா பட்டறைக்குப் பூட்டு. எங்களுக்கென்ன, ஷூ கம்பெனி பஸ்ஸு விடிகாலையில தெருமுனைக்கு வரும், ஏறிப் போயிடலாம். ஆனா ஜுலேகா எங்க போவா? போன எடத்துலயெல்லாம் சைரன் கேக்காதவளை மெஷினு பக்கம் விட முடியாதுன்னு கேட்டோட திருப்பி அனுப்பிட்டாங்க. தாயும் மவளுமா இருக்குற அந்த வூட்டுல அடுப்பு எரியுறதே இவ விரலாலதான். இந்த ஒரு மேஜையை விட்டா அவளுக்கு வேற மேஜை இல்ல, அது எங்க எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மொதல்ல அவ இன்னா செஞ்சா தெரியுமா? பாயோட பர்ஸைப் பிடுங்கி மேஜை மேல கொட்டுனா. அது பர்ஸா, இல்ல பரணான்னு எங்களுக்கே சந்தேகம் வந்துடுச்சு. எப்பவோ செத்துப் போன கார்டுங்க, எழுத்து அழிஞ்ச பில்லுங்க, மருந்துச் சீட்டு, எவனோ குடுத்த விசிட்டிங் கார்டு கட்டு, தர்காவுல மடிச்சுக் குடுத்த பொட்டலம், எந்தப் பூட்டோடதுன்னு தெரியாத ஒரு சாவி. அதை எல்லாத்தையும் பின்னாடி பாக்கெட்டுல வெச்சுக்கினு உக்காந்து உக்காந்து மனுஷன் ஒரு பக்கமாச் சாய்ஞ்சே போயிட்டாரு. ஜுலேகா அதுங்களைப் பிரிச்சா, நெதம் கை போற கார்டு நாலு ஒரு பக்கம், மடிச்ச நோட்டு ஒரு பக்கம், மிச்சத்தையெல்லாம் தள்ளி வெச்சு பாய் மூஞ்சியைப் பாத்தா. பாய் பொட்டலத்தை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில வெச்சுக்கினு "மத்தது போவட்டும்"னாரு.

அப்புறம் பேட்டர்ன் வெட்ட ஆரம்பிச்சா. வெட்டுனது ஒண்ணும் அவளுக்குப் புடிக்கல. அறைக்கு மேல அறை வெச்சா தோலுக்கு மேல தோலு ஏறும், ஏறுனா பருக்கும். லைனிங்கை எடுத்தா, ஜிப்பை எடுத்தா, பொத்தானை எடுத்தா, சில்லறை போடுற பையை எடுத்தா. எடுக்க எடுக்க பர்ஸு ஒல்லியாச்சு, ஆனா மூடி நிக்க மாட்டேன்னுச்சு. ஒருநாள் ரெண்டு பேரும் சாப்புட்டு பஸ் ஸ்டாண்டு பீடாக் கடையில நின்னுக்கினு இருந்தோம். கடைக்காரரு ஒத்தை வெத்தலையை எடுத்து, எல்லாத்தையும் உள்ள வெச்சு, இப்டி ஒரு மடி அப்டி ஒரு மடி மடிச்சு, மிச்ச நுனியை உள்ள சொருவிக் கையில குடுத்தாரு. ஜுலேகா பீடாவை வாயில போடல. பிரிச்சா, மடிச்சா, பிரிச்சா, மடிச்சா, சுண்ணாம்பு கையெல்லாம் வழியுது, என்னை இழுத்துக்கினு பட்டறைக்கு ஓடுனா.

ஒரே தோலு. பதம் போட்ட ஆட்டுத்தோலு ஒரே துண்டு, ரெண்டே தையலு, கார்டுக்கு ஒரு கீறலு, நோட்டுக்கு ஒரு பட்டை, கடைசியில ஒரு நாக்கு. ஷூவுல கயிறுக்கு அடியில நீட்டிக்கினு இருக்குமே, அதுக்கும் நாங்க நாக்குன்னுதான் சொல்வோம். இந்த நாக்கை மடிச்சு உள்ள சொருவுனா பர்ஸு மூடிக்கும். அவ்வளவுதான். கையில வெச்சுப் பாத்தேன், ஒரு வெத்தலையை வெச்ச மாதிரிதான் இருந்துச்சு. பாய் அதைச் சட்டைப் பையில வெச்சுட்டு, வெச்சோமா இல்லையான்னு பையைத் தடவிப் பாத்தாரு.

சாம்பிளு மெட்ராஸுக்குப் போச்சு. நாலாம் நாள் திரும்பி வந்துடுச்சு. உள்ள இருந்த காசு தோலை அமுக்கி வட்டமாத் தழும்பு வுழுந்துடுச்சாம், பருமனும் கூடிப் போச்சாம்.

"எந்தக் காசு?"ன்னு பாய் கேட்டாரு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

"வெறும் பர்ஸா அனுப்பக் கூடாது பாய்"னு நான் சொன்னேன்.

"வருஷம் முழுக்கச் சோறு போடுற ஆர்டரை ஒரு ரூவாயில கெடுத்தியே! சில்லறைக்கு எடமே இல்லாத பர்ஸுல எங்க சொருவுன?"

"நாக்குக்கு அடியில."

அன்னிக்குப் பாய் கத்துன கத்துல எதிர்வூட்டுக் கோழிங்க கூரை மேல ஏறிக்கிச்சு. நானும் விடல. வெறும் பர்ஸை என் கையால மடிச்சு அனுப்ப மாட்டேன், அதுக்கு வேற ஆளைப் பாருங்கன்னு மெஷினை நிறுத்திட்டேன். கடைசியில அவரு தலையில கையை வெச்சுக்கினு "சரி தாயி, எதையாவது போடு, ஆனா பருமனே இல்லாததாப் போடு"ன்னாரு.

"பருமனே இல்லாதது ஒலகத்துல இன்னா கீது?"

"உன் வாயிலதான் நாளெல்லாம் கொட்டுதே, அது!"

அவரு நக்கலுக்குச் சொன்னாரு. நான் நெசமாவே எடுத்துக்கிட்டேன். ஒவ்வொரு பர்ஸையும் மூடுறதுக்கு முன்னாடி வாய்க்கிட்ட வெச்சு, "உன்னை வாங்குறவன் நல்லா இருக்கட்டும், உன்னைச் செஞ்சவ நல்லா இருக்கட்டும், உனக்குத் தோலு குடுத்த ஆடு போன எடம் நல்லா இருக்கட்டும்"னு சொல்லி, அந்த வார்த்தை வெளியே போறதுக்குள்ள நாக்கை மடிச்சு சொருவிட்டேன். பருமன் ஒரு மயிரிழை கூட ஏறல.

மூடுன பர்ஸு தொறக்கல, அதுதான் நடந்தது. புள்ளைக்கு மொதல் சோறு எதை ஊட்டுறமோ அந்த ருசிதானே நாக்குல நிக்கும், அந்த மாதிரி இந்தப் பர்ஸுங்க நல்ல வார்த்தையைத் தின்னுப் பழகிடுச்சுங்க. பாய் ஒண்ணைத் தனக்குன்னு எடுத்துக் கார்டும் நோட்டும் வெச்சு, நான் வார்த்தையைப் போட்டு மூடித் தந்ததை எடுத்துக்கினு டீக்கடைக்குப் போனாரு. குடிச்சுட்டுக் காசு குடுக்க நாக்கை இழுத்தாரு, வரல. பல்லால இழுத்தாரு, வரல. டீக்கடை ஆனந்தன் "இருக்கட்டும் பாய், அப்புறம் குடுங்க"ன்னான். பாய் மனசு எளகி, "ஆனந்தா, காலையில உன் டீ இல்லன்னா என் தலை மத்தியானம் வரைக்கும் நிக்காதுப்பா, நீ நல்லா இருக்கணும்"னாரு. நாக்கு தானா வழுக்கிக்கினு வெளிய வந்துடுச்சு. பாய் டீக்குக் காசு குடுத்துட்டு வந்து எங்ககிட்டச் சொன்னாரு. நாங்க ஓஹோ அப்படியான்னுட்டு வேலையைப் பாத்தோம். தோலுன்னா ஒண்ணு ஒண்ணுக்கு ஒரு குணம் இருக்கும்.

கை பழகுறதுக்குன்னு கழிச்சுப் போட்ட தோலுல செஞ்ச மொத லாட்டு மெட்ராஸுக்கு ஆவாதுன்னு பாய் ஊருக்குள்ளயே குடுத்துட்டாரு. அப்புறம் பாக்கணுமே எங்க ஊரை! மருந்துக் கடையில வரிசையில நிக்கிறவங்க தங்களுக்குள்ள முணுமுணுத்துக்கினு நிப்பாங்க, காய்கறிக்காரம்மா "யாருக்கு நன்றியோ சொல்லித் தொறந்துட்டு வா, நான் கொத்தமல்லி கட்டி வெக்கிறேன்"னு தானே சொல்லும், குடியாத்தம் பஸ்ஸு கண்டக்டரு "பர்ஸுக்காரங்கல்லாம் ஏறும்போதே நன்றி சொல்லிக்கினு ஏறுங்க"ன்னு விசில் ஊதுவாரு. சும்மா "தேங்க்ஸ்"னா பர்ஸு அசையாது. ஒப்புக்குச் சொன்னா அசையாது, அவசரத்துல சொன்னா அசையாது, பயத்துல சொன்னா சுத்தமா அசையாது. யாருக்கு, எதுக்குன்னு மனசு வந்து சொல்லணும். நேத்துச் சொன்னதையே இன்னிக்குச் சொன்னாலும் நேத்து மாதிரியே மனசு நனையணும். இரும்புக் கடை கோவிந்தசாமி பிரியாணி மாஸ்டர் பேரைச் சொல்லிச் சொல்லியே தொறந்துக்கினு இருந்தாரு, அது சம்சாரம் காதுக்குப் போயி, "இத்தினி வருஷம் பொங்கிப் போட்டவ பேரு வாயில வரலியா?"ன்னு அந்தம்மா கரண்டியைத் தூக்கிக்கினு கடைக்கே வந்துடுச்சு. மறுநாள்லேர்ந்து மனுஷன் காலையிலயே வூட்டுல சொல்லிட்டுத்தான் கெளம்புவாரு, ஷேவு பண்ணிக்கிற மாதிரி பழக்கமாயிடுச்சு. பள்ளிவாசல் அஸ்ரத்து "ஷுக்ருன்னு அல்லாவுக்கு நன்றி சொல்றதுக்கும் உங்களுக்கு ஒரு தோலு வேண்டியிருக்கா?"ன்னு சிரிச்சாரு, சிரிச்சுட்டு அவரும் ஒண்ணு வாங்கிக்கினு போனாரு. சந்தையில ஒரு பிக்பாக்கெட் ஒரு பர்ஸை அடிச்சுட்டு, தொறக்க முடியாம எங்க பட்டறை வாசல்லயே வந்து உக்காந்து, "எனக்கு நன்றி சொல்ல யாரும் இல்லக்கா"ன்னு அழுதான். "கடைசியா உனக்குச் சோறு போட்டது யாருடா?"ன்னு கேட்டேன். ரயிலடியில இட்லி விக்கிற ஆயான்னான். நாக்கு வந்துடுச்சு. பர்ஸை எங்கிட்டயே குடுத்துட்டு அந்த ஆயாவைப் பாக்கப் போறேன்னு எழுந்து போனான்.

ஜுலேகா இதையெல்லாம் பாத்துக்கினு இருந்தா. ஜனங்க ஏன் பர்ஸைப் பாத்து வாயை அசைக்கிறாங்கன்னு கேட்டா, சொன்னேன். கேட்டுக்கிட்டா. மூடுன பர்ஸை அவ தொறந்து பாத்ததே இல்லன்னு எனக்கு அப்ப ஒறைக்கல. அவ கையிலேர்ந்து தொறந்தபடிதானே எங்கிட்ட வரும், வார்த்தையைப் போட்டு மூடுறது நான்தானே.

காசுத் தழும்பில்லாத புது சாம்பிளைப் பாக்க நிவேதிதா மேடமே கார்ல வந்தாங்க. நல்ல பொம்பளை, பந்தா இல்ல, எங்க கூட ஸ்டூலுல உக்காந்து டீ குடிச்சாங்க. பர்ஸைச் சட்டைப் பையில வெச்சாங்க, எடுத்தாங்க, நன்றி சொன்னாத்தான் தொறக்கும்னு பாய் சொல்ல, பஸ்ஸுல எடம் குடுத்த யாரோ ஒரு பொண்ணை நெனச்சுச் சொன்னாங்க, நாக்கு வந்துச்சு. மொகம் மலந்துடுச்சு. பாய் தாடியைத் தடவுனாரு. எல்லாம் கூடி வந்துச்சுன்னு நான் நெனச்சப்ப அந்தம்மா கேட்டாங்க:

"ஒரு விஷயம் பாய். பேச முடியாதவங்க வாங்கினா இது தொறக்குமா?"

பாய் டீ கிளாஸைக் கீழ வெச்சாரு.

"எங்கப்பாவுக்கு பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. இதை முதல்ல அவருக்குத்தான் குடுக்கணும்னு நெனச்சேன். அவர் கையில இது தொறக்கலைன்னா என்னால இதை விக்க முடியாது. நன்றி இருந்தும் சொல்ல முடியாதவரை இது வெளியில நிறுத்துதுன்னு ஆகிடும் இல்லையா?"

அதுல தப்பு சொல்ல இன்னா இருக்கு? நியாயம்தான். ஆனா வாயால சொன்ன வார்த்தையை உள்ள போட்டவ நான். காசு போடாதன்னா கேட்டேனா? சாஸ்திரம் சாஸ்திரம்னு குதிச்சு, செஞ்சவளே தொறக்க முடியாத பூட்டை அவ பர்ஸுக்கு நானே போட்டுட்டேனோன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

பாய் மெதுவா, "இதைச் செஞ்ச பொண்ணே பேசாது மேடம்"னாரு.

மேடம் ஜுலேகாவைத் திரும்பிப் பாத்தாங்க. "அப்போ அவங்களே தொறந்து காட்டட்டும்"னு மூடுன பர்ஸை நீட்டுனாங்க.

நான் ஜுலேகாவுக்குக் கையால எல்லாத்தையும் சொன்னேன், மறைக்காமச் சொன்னேன். தொறந்தா வேலை, தொறக்கலன்னா பூட்டு. பர்ஸை இடது கையில வெச்சுக்கினு மோவாயைத் தடவி, நெஞ்சுல கை வெச்சா. பாய்க்கு. நாக்கு அசையல. மூக்குத்தியைத் தொட்டுக் காட்டுனா. அம்மாவுக்கு. அசையல. தலையில ரெண்டு விரலைக் கொம்பு மாதிரி வெச்சா. ஆட்டுக்கு. அசையல. பாடம் ஒப்பிக்கிற மாதிரி வேக வேகமாச் சொல்றா, பயத்துல சொல்ற நன்றியை அது எப்ப ஏத்துக்கிச்சு? எனக்கு அவ படுற பாட்டைப் பாக்கப் பொறுக்கல. "மேடம், அவளுக்குப் பதிலா நான் சொல்றேன், அவ வாயே நான்தான், எதுவானாலும் அவளுக்கு நான்தான்"னு முன்னாடி பாஞ்சேன்.

ஜுலேகா என் வாயைப் பொத்துனா.

தோலு வாசனை அடிக்கிற அந்தக் கையை என் வாய் மேல வெச்சு அழுத்திப் புடிச்சுக்கினு என்னைப் பாத்தா. நானும் பாத்தேன். கண்ணுல தண்ணி முட்டிக்கினு வருது, ஆனா வாயி அடைஞ்சு கெடக்குது. அத்தினி வருஷத்துல நான் பேசாம நின்னதை அவ அப்பத்தான் பாக்குறா. அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நாங்க அத்தினி பேரும் பட்டறை போச்சுன்னு நிக்கிறோம், இவ தோளு குலுங்கச் சிரிக்கிறா! சிரிச்சுக்கினே கையை என் வாயிலேர்ந்து எடுத்து, நாலு விரலையும் கட்டைவிரலையும் சேத்து லபக் லபக்னு மூடித் தொறந்தா. வாத்து. நான்தான். அதோட வுடல. வழக்கமா அதோட வுட்டுடுவா, அன்னிக்கு வுடல. அந்த வாத்து வாயை மூடி, அப்படியே தூக்கி, ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டா. ஒத்திக்கினு விரலை உதறுனா, தகரக் கூரையில மழைன்னு சொல்றதுக்கு நான் உதறுற மாதிரி.

நாக்கு சத்தமில்லாம வழுக்கி வெளிய வந்துச்சு.

"அவங்க என்ன சொன்னாங்க?"ன்னு மேடம் எங்கிட்டக் கேட்டாங்க. அவ சொல்றதையெல்லாம் ஊருக்கு எடுத்துச் சொல்றவ நான்தானே. சொல்ல வரல எனக்கு. பாய்தான் கண்ணைத் தொடைச்சுக்கினு, "வாத்துக்கு நன்றி சொல்றா மேடம். மழைச் சத்தம் கேக்க வெச்சதுக்கு"ன்னாரு.

இப்ப பட்டறையில மெஷினுங்க ஓயாம ஓடுது. மேடத்தோட அப்பா இடது கையால பேத்தி தலையைத் தடவுனாருன்னா பர்ஸு தொறந்துக்குதுன்னு போன் வந்துச்சு. பாய் இன்னும் கத்துறாரு, நான் இன்னும் ஒவ்வொரு பர்ஸுலயும் வார்த்தையைப் போட்டுத்தான் மூடுறேன், ஜுலேகா மட்டும் அதுக்கு முன்னாடி நாக்குக்கு அடியில விரலால ஒரு தடவு தடவித் தர்றா, வாய் இல்லாதவங்களுக்காம்.

எங்கிட்டயும் ஒரு பர்ஸு இருக்குது. ஊரெல்லாம் பேசுற நான் அதைத் தொறக்குறதுக்கு மட்டும் வாயைத் தொறக்குறதில்ல. பஸ்ஸுல கண்டக்டரு டிக்கெட்டுன்னு வந்து நிப்பாரு, நான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து ஒரு தேய் தேய்ப்பேன்.

"இன்னாம்மா இது, நானா உனக்குத் துட்டு தரணும்?"னு அவரு கேப்பாரு.

அவருக்கு எப்படித் தெரியும், அது ஒரு பொண்ணோட பேருன்னு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாக்கு தானா வந்துடும்.